இன்சார்ஜ் நல்லவராக இருந்தால் நர்ஸ்களுக்குத் தூக்கம் வருமா?

ஒரு தனியார் மருத்துவமனையின் மனிதவளப் பிரிவில் இருக்கும் நண்பர் கேட்ட கேள்வி இது. அவர்கள் மருத்துவமனையில் நர்ஸ்கள் வரிசையாக ராஜினாமா கடிதம் கொடுக்கிறார்கள். இருப்பவர்களுக்கும் தூக்கமில்லை, தலைவலி, எதற்கெடுத்தாலும் எரிச்சல். நிர்வாகம் யாரோ ஆலோசகரைக் கூப்பிட்டு, வார்டு இன்சார்ஜ்கள் எல்லோருக்கும் ‘சர்வன்ட் லீடர்ஷிப்’, அதாவது கீழே வேலை செய்பவர்களின் நலனை முன்னால் வைத்து நடத்தும் சேவைத் தலைமைப் பயிற்சி கொடுக்கப்போகிறதாம். “இதனால் ஊழியர்களின் உடல்நலம், மனநலம் உண்மையிலேயே கூடுமா, இல்லை இதுவும் ஒரு பவர்பாயின்ட் சமாச்சாரம்தானா? மேலதிகாரி மேல் இருக்கிற நம்பிக்கை இதில் எங்கே வருகிறது?” என்கிறார்.

கூடும். ஆனால் இன்சார்ஜ் அன்பாகப் பேச ஆரம்பித்த உடனே கூடிவிடாது. நடுவில் நம்பிக்கை என்று ஒன்று உருவாக வேண்டும். அது, இன்சார்ஜ் நமக்காக மேலே போய் எதையாவது வாங்கிக்கொண்டு வந்தார் என்று நர்ஸ்கள் கண்ணால் பார்த்த பிறகுதான் உருவாகும். பயிற்சியைக் கொடுத்துவிட்டு அதிகாரத்தைக் கொடுக்காமல் விட்டால், முன்பு இருந்ததைவிட மோசமாகவும் போகலாம். ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

தூக்கத்திலிருந்தே தொடங்கலாம். நர்ஸ்களை வைத்தே இதற்கு நேரடியான ஓர் ஆய்வு இருக்கிறது. ஜெரால்ட் கிரீன்பெர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2006-ல் வெளியிட்டது. நான்கு மருத்துவமனைகள், 467 நர்ஸ்கள். இரண்டு மருத்துவமனைகளில் சம்பள முறையை மாற்றியதால் நர்ஸ்களின் வருமானம் குறைந்தது. மற்ற இரண்டில் சம்பளம் பழையபடியே இருந்தது. சம்பளம் குறைந்தவர்களுக்குத் தூக்கமின்மை அதிகம் இருந்தது, இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் சம்பளம் குறைந்த இரண்டில் ஒன்றிலும், குறையாத இரண்டில் ஒன்றிலும், நர்ஸிங் மேற்பார்வையாளர்களுக்கு மட்டும் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். கீழே வேலை செய்பவர்களை மரியாதையாக நடத்துவது, ஒரு முடிவு எடுத்தால் அதன் காரணத்தை மறைக்காமல் விளக்குவது, அவர்கள் சிரமத்தைக் காதுகொடுத்துக் கேட்பது போன்றவைதான் பாடம். பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர்களின் கீழ் இருந்த நர்ஸ்களிடம் தூக்கமின்மை குறைவாக இருந்தது. பயிற்சி முடிந்த உடனேயும் அப்படித்தான், ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அப்படித்தான்.

கவனியுங்கள், போன பணம் திரும்பி வரவில்லை. பயிற்சி எடுத்தவர் மேற்பார்வையாளர், தூங்கியவர் நர்ஸ். ‘மேலதிகாரி எப்படி நடந்துகொள்கிறார் என்பதெல்லாம் சும்மா மனசு சம்பந்தப்பட்டது’ என்று யாராவது சொன்னால் இந்த ஆய்வைத்தான் நான் எடுத்துக் காட்டுவேன்.

இதயத்துக்கும் இதே கதை உண்டு. ஸ்டாக்ஹோம் பகுதியில் வேலை பார்த்த மூவாயிரத்துச் சொச்சம் ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2009-ல் ஓர் ஆய்வு வந்தது. ‘என் மேலாளர் எனக்கு வேண்டிய தகவலைத் தருகிறார்’, ‘என் நிலைமையில் அக்கறை காட்டுகிறார்’ என்ற மாதிரிக் கேள்விகளுக்கு நல்ல மதிப்பெண் கொடுத்தவர்களுக்கு மாரடைப்பு மாதிரியான இதயநோய் குறைவாக வந்தது. ஒரே இடத்தில் எவ்வளவு காலம் வேலை செய்தார்களோ, அந்த அளவுக்கு இந்தத் தொடர்பு வலுவாகத் தெரிந்தது. பிரிட்டனில் அரசு அலுவலர்களை வைத்து நடக்கும் புகழ்பெற்ற ஒயிட்ஹால் ஆய்விலும், வேலையில் நியாயமாக நடத்தப்படுவதாகச் சொன்ன ஆண்களுக்கு இதயநோய் அபாயம் குறைவு என்று 2005-ல் எழுதினார்கள். இரண்டிலும் ‘சேவைத் தலைமை’ என்ற பெயர் கிடையாது. ஆனால் பேசுவது கிட்டத்தட்ட அதே நடத்தையைத்தான்.

சரி, நம்பிக்கை எங்கே வருகிறது?

1995-ல் மேயர், டேவிஸ், ஷூர்மன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் நம்பிக்கை பற்றி எழுதிய கட்டுரை இந்தத் துறையில் எல்லோரும் எடுத்தாளும் ஒன்று. ஒருவரை நம்புவது என்றால், அவரைக் கண்காணிக்கவோ கட்டுப்படுத்தவோ முடியாத இடத்திலும், அவரால் நமக்கு நஷ்டம் வரக்கூடும் என்று தெரிந்தும், துணிந்து அவர் கையில் நம்மை ஒப்படைப்பது. அந்தத் துணிச்சல் வர அவரிடம் மூன்று விஷயங்களைப் பார்க்கிறோம்: வேலை தெரிந்தவரா, நம் நன்மையை நினைப்பவரா, சொன்ன சொல்லில் நிற்பவரா.

வார்டில் இது எப்படி இருக்கும் என்று பாருங்கள். இரவு மூன்று மணி. பத்து மணிக்குப் போட வேண்டிய ஊசி பக்கத்துப் படுக்கைக்காரருக்குப் போய்விட்டது என்பது கேஸ் ஷீட்டைப் புரட்டும்போதுதான் நர்ஸுக்குத் தெரிகிறது. நோயாளி நன்றாகத்தான் தூங்கிக்கொண்டிருக்கிறார். இன்சார்ஜ் சிஸ்டரை எழுப்பலாமா? நம்புகிற இன்சார்ஜ் என்றால் உடனே போன் போகும். டியூட்டி டாக்டருக்குச் சொல்வார்கள், நோயாளியின் பிபி, பல்ஸ் பார்ப்பார்கள், காலையில் இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுதுவார்கள். திட்டுகூட விழலாம். ஆனால் அந்தப் பெண் வீட்டுக்குப் போய்ப் படுத்தால் தூக்கம் வரும். நம்பாத இன்சார்ஜ் என்றால் அந்த நர்ஸ் மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பிப்பார். யாராவது பார்த்திருப்பார்களா, சொன்னால் மெமோ வருமா, சொல்லாமல் விட்டுப் பிறகு தெரிந்தால் என்ன ஆகும்? வீட்டுக்குப் போன பிறகும் மூன்று நாளைக்கு அதே படம் மண்டைக்குள் ஓடும். தவறு ஒன்றுதான், வேலைப்பளுவும் ஒன்றுதான். மேலதிகாரியிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்கிற வேலை ஒன்று கூடுதலாகச் சேர்ந்துவிட்டது. அதற்குச் சம்பளம் கிடையாது, ஷிஃப்ட் முடிந்தாலும் அது முடியாது. நம்பிக்கை இல்லாத இடத்தில் உடம்பு கெடுவது பெரும்பாலும் இந்த வழியாகத்தான் என்பது என் எண்ணம்.

ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990-களில் இரண்டு மருத்துவமனைகளின் எட்டு வார்டுகளை ஆராய்ந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. நல்ல குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். எண்ணிக்கை தலைகீழாக வந்தது, நல்ல தலைமை உள்ள வார்டுகளில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அவர்கள் கூடுதலாகத் தவறு செய்தார்கள் என்பதல்ல, செய்ததைப் பயமில்லாமல் சொன்னார்கள் என்பதுதான் அவர் கண்ட விளக்கம். ஆகவே நண்பரே, பயிற்சிக்குப் பிறகு இன்சிடென்ட் ரிப்போர்ட் கூடினால் நிர்வாகம் பதறக்கூடும். பதற வேண்டாம் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

இனி சேவைத் தலைமை. ராபர்ட் கிரீன்லீஃப் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி-யில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்து ஓய்வுபெற்றவர். 1970-ல் எழுதிய ஒரு கட்டுரையில்தான் இந்தக் கருத்தை முன்வைத்தார். நல்ல தலைவருக்கு அவர் வைத்த தேர்வில், தலைவரின் குணங்கள் கேள்வியாகவே வரவில்லை. அவரிடம் வேலை செய்பவர்கள் மனிதர்களாக வளர்கிறார்களா, முன்பைவிட ஆரோக்கியமாக, விவரமாக, சுதந்திரமாக, தன் காலில் நிற்பவர்களாக ஆகிறார்களா என்பதே கேள்வி. ஊழியர் நலம் என்பது இந்தத் தலைமையின் உபரிப் பலன் அல்ல, அதை அளக்கும் கோலே அதுதான். பின்னால் வந்தவர்கள் இதைக் கேள்வித்தாளாக்கினார்கள். ராபர்ட் லைடன் குழுவினர் 2008-ல் ஏழு கூறுகளாகப் பிரித்தார்கள். அதில் மனக்காயத்தை ஆற்றுவது, கீழிருப்பவரை முன்னிறுத்துவது, அதிகாரத்தைப் பகிர்வது எல்லாம் உண்டு. பிரச்சினையைப் புரிந்து தீர்க்கும் திறமையும் உண்டு. பயிற்சி நடத்துபவர்கள் இந்தக் கடைசி ஒன்றைத்தான் வழக்கமாக மறந்துவிடுகிறார்கள்.

திறமை ஏன் முக்கியம்? 1952-ல் டொனால்ட் பெல்ஸ் என்பவர் டெட்ராய்ட் எடிசன் மின்நிறுவனத்தில் முதல்நிலை மேற்பார்வையாளர்களை ஆராய்ந்தார். தொழிலாளர்களுக்கு ஆதரவாக நிற்கும் மேற்பார்வையாளரிடம் திருப்தி கூடும் என்பது எதிர்பார்ப்பு. மேலே செல்வாக்கு இருந்த மேற்பார்வையாளர்கள் விஷயத்தில் அப்படித்தான் இருந்தது. மேலே யாரும் மதிக்காத மேற்பார்வையாளர் ஆதரவாக நின்றபோது பலன் ஒன்றும் இல்லை, சில இடங்களில் திருப்தி குறைந்தே போனது. எதிர்பார்ப்பைக் கிளப்பிவிட்டு நிறைவேற்ற முடியாமல் போனதுதான் காரணம். எழுபது ஆண்டுக்கு முந்தைய ஆய்வு என்றாலும், பயிற்சிக்குப் பணம் ஒதுக்கும் முன் நிர்வாகம் படிக்க வேண்டியது இதைத்தான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

நம் ஊர் மருத்துவமனைகளில் இன்சார்ஜ் கையில் உண்மையில் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் டியூட்டி லிஸ்ட் ஒன்றுதான். ஆள் எடுப்பது அவர் கையில் இல்லை, சம்பளம் இல்லை, லீவு சாங்ஷன்கூட நர்ஸிங் சூப்பரின்டெண்டன்ட் கையெழுத்துக்குப் போக வேண்டும். அதனால் ஒரு வார்டில் நம்பிக்கை இருக்கிறதா என்று நான் பார்க்க விரும்பினால் யாரையும் பேட்டி எடுக்க மாட்டேன், சுவரில் ஒட்டியிருக்கும் டியூட்டி லிஸ்டைத்தான் பார்ப்பேன். தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ் இரவுகளில் யார் பெயர் இருக்கிறது? போன வருடமும் அதே பெயரா? நைட் முடித்தவருக்கு ஆஃப் கொடுத்திருக்கிறதா, இல்லை அடுத்த நாளே மதியம் வரச் சொல்லியிருக்கிறதா? ஒயிட்னர் பூசி மாற்றி எழுதிய இடங்கள் எத்தனை, அவை யாருக்குச் சாதகமாக மாறியிருக்கின்றன? மாற்றத்தை அந்த நர்ஸிடம் முன்கூட்டியே சொன்னார்களா, அவரே டியூட்டிக்கு வந்து சுவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டாரா?

செல்லப்பிள்ளை யார், வேண்டாதவர் யார் என்பது அந்த ஒரு தாளில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். விதி என்ன என்பதைச் சொல்லி, தன் பெயரையும் அதே விதிக்குள் வைத்து லிஸ்ட் போடுகிற இன்சார்ஜ் கொஞ்சம் கடுகடுப்பானவராக இருந்தாலும் நர்ஸ்கள் பொறுத்துக்கொள்வார்கள். ‘வாம்மா, சாப்பிட்டியா’ என்று விசாரித்துவிட்டு லிஸ்டில் ஓரவஞ்சனை செய்பவரை மன்னிக்கவே மாட்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை: ‘நாம எல்லாரும் ஒரே குடும்பம்’. சேவைத் தலைமை பற்றிப் பேசுகிற இடத்திலெல்லாம் இது வந்துவிடும். குடும்பம் என்று சொன்ன கையோடு டபுள் டியூட்டி கேட்பார்கள், அதற்கு ஈடான கம்ப்-ஆஃப் விடுப்பு மட்டும் பிறகு பார்க்கலாம் என்பார்கள். குடும்பப் பேச்சு கேட்காத வார்டைவிட, கேட்டு ஏமாந்த வார்டில் வேலை செய்வது கடினம். முதல் வார்டில் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. இரண்டாவது வார்டில் அடுத்து வரும் நல்ல இன்சார்ஜையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

இன்னொரு விதமான சிக்கல், உண்மையிலேயே நல்லவரான இன்சார்ஜிடம் வருவது. ஆள் குறைந்தால் தானே ஊசி போடுவார், தானே படுக்கை விரிப்பார், லீவே எடுக்க மாட்டார். பார்ப்பவர்களுக்குச் சேவைத் தலைமையின் உருவமாகவே தெரியும். ஆனால் அவர் ஓட்டையை அடைக்க அடைக்க, மேலே இருப்பவர்களுக்கு ஓட்டை இருப்பதே தெரியாது. அவரைப் பார்த்துக் கீழே இருப்பவர்களும் லீவு கேட்கக் கூச்சப்படுவார்கள். ஒரு நாள் அவரே உடம்பு முடியாமல் படுத்துவிட்டால் வார்டு அப்படியே நிற்கும். கிரீன்லீஃப் சொன்ன ‘தன் காலில் நிற்பவர்கள்’ அங்கே உருவாகவில்லை. ஒருவர் முதுகில் எல்லோரும் ஏறி நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆள் பற்றாக்குறையைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதைச் சுற்றிப் போக வழியே இல்லை. லிண்டா ஐகென் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழுவினர் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட நர்ஸ்களிடம் எடுத்து 2002-ல் வெளியிட்ட கணக்குப்படி, ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினால் பர்ன்அவுட்டுக்கான, அதாவது வேலையால் முற்றிலும் சோர்ந்துபோவதற்கான வாய்ப்பு 23 சதவீதமும், வேலை அதிருப்திக்கான வாய்ப்பு 15 சதவீதமும், அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாட்களுக்குள் இறப்பதற்கான வாய்ப்பு 7 சதவீதமும் கூடுகிறது. இதை எந்தப் புன்னகையாலும் ஈடுகட்ட முடியாது. ஒரு ஷிஃப்டில் மூன்று பேர் பார்க்க வேண்டிய வார்டை ஒருவரிடம் கொடுத்துவிட்டு, இன்சார்ஜுக்குத் தலைமைப் பயிற்சி கொடுப்பது பொறுப்பைக் கைகழுவும் வேலை. பயிற்சிக்கான செலவில் ஆள் எடுக்க முடியுமா என்பதை முதலில் கேளுங்கள். கேட்டால் உங்களை அடுத்த மீட்டிங்குக்குக் கூப்பிட மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும்.

ஆனால் ஆள் எண்ணிக்கையும் தலைமையும் தனித்தனி விஷயங்களும் அல்ல. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நர்ஸ் பஞ்சம் கடுமையாக இருந்தது. அப்போதும் சில மருத்துவமனைகளில் நர்ஸ்கள் விலகாமல் இருந்தார்கள். ஏன் என்று அமெரிக்க நர்ஸிங் அகாடமி 163 மருத்துவமனைகளைப் பார்த்து, அவற்றில் 41-ஐத் தேர்ந்து 1983-ல் அறிக்கை வெளியிட்டது. காந்த மருத்துவமனைகள் என்று பெயர் வைத்தார்கள். அங்கே ஆள் போதுமான அளவு இருந்தது, ஷிஃப்ட் நேரத்தில் நெகிழ்வு இருந்தது, கூடவே நர்ஸிங் தலைமை வார்டில் கண்ணில் படுகிற தூரத்தில் இருந்தது. நர்ஸிங் தலைமைக்கு நிர்வாகத்தின் முடிவெடுக்கும் மேசையில் இடமும் இருந்தது. பெல்ஸ் மின்நிறுவனத்தில் கண்டதற்கும் இதற்கும் பெரிய தூரமில்லை.

இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனவர்கள் நெதர்லாந்தின் பியூர்ட்சோர்க் அமைப்பினர். வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கும் நர்ஸ்கள். யோஸ் டி பிளோக் என்ற, தானே நர்ஸாக இருந்தவர் 2006-ல் தொடங்கினார். அதிகபட்சம் 12 பேர் கொண்ட குழு, குழுவுக்கு மேலாளர் கிடையாது. யார் எப்போது போவது, புதிதாக யாரை எடுப்பது, லீவு யாருக்கு என்பதெல்லாம் குழுவே முடிவு செய்யும். சிக்கல் வந்தால் கூப்பிட ஒரு பயிற்சியாளர் இருப்பார், ஆனால் உத்தரவு போடும் அதிகாரம் அவருக்கு இல்லை. ஆயிரக்கணக்கான நர்ஸ்களுக்குத் தலைமை அலுவலகத்தில் சில டஜன் பேர்தான். நெதர்லாந்தின் சிறந்த வேலைதருநர் விருதைப் பல முறை வாங்கிவிட்டார்கள். இதை அப்படியே நம் ஐசியு-வில் கொண்டுவந்து வைக்க முடியாது, வீட்டுப் பராமரிப்பும் தீவிர சிகிச்சையும் வேறு வேறு. ஆனால் டியூட்டி லிஸ்டைக் குழுவே போட்டுக்கொள்வதற்கு எந்த மருத்துவக் காரணமும் தடையாக இல்லை.

ஆய்வுகள் எல்லாம் இவ்வளவு உறுதியாகச் சொல்கின்றனவா என்றால், இல்லை. சேவைத் தலைமை பற்றி வந்தவற்றில் பெரும்பாலானவை கேள்வித்தாள் ஆய்வுகள். ஒரே ஊழியர் ஒரே நாளில் ‘என் மேலதிகாரி நல்லவர்’ என்ற கட்டத்திலும் ‘நான் நன்றாக இருக்கிறேன்’ என்ற கட்டத்திலும் டிக் அடிக்கிறார். மனநிலை நன்றாக உள்ளவருக்கு எல்லாமே நல்லதாகத் தெரியும் என்பதால், எது காரணம் எது விளைவு என்று அதை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. கிரீன்பெர்க்கின் ஆய்வு மாதிரி, பயிற்சி கொடுத்த இடத்தையும் கொடுக்காத இடத்தையும் ஒப்பிட்டவை குறைவு. அதனால்தான் அதற்கு இவ்வளவு இடம் கொடுத்தேன்.

நிர்வாகத்திடம் பேசும்போது ஒன்றில் எச்சரிக்கை. டர்க்ஸ், ஃபெரின் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2002-ல், தலைவர் மேல் நம்பிக்கை பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார்கள். வேலைத் திருப்தியோடு நம்பிக்கைக்கு உள்ள தொடர்பு 0.51, பணித்திறனோடு வெறும் 0.16 (பூஜ்யம் என்றால் தொடர்பே இல்லை, ஒன்று என்றால் முழுத் தொடர்பு). நம்பிக்கை கூடினால் மனிதர்கள் நிம்மதியாக இருப்பார்கள், வேலையை விட்டுப் போக மாட்டார்கள். அதற்காக வேலை இரண்டு மடங்காக நடக்கும் என்று விற்காதீர்கள். ஆறு மாதம் கழித்து ‘எங்கே லாபம்?’ என்று கேட்டுத் திட்டத்தையே மூடிவிடுவார்கள்.

உங்கள் மருத்துவமனைக்கு என்ன செய்யலாம்? பயிற்சி நடக்கட்டும். அதோடு இன்சார்ஜ்களுக்கு மூன்று அதிகாரங்களை எழுத்தில் வாங்கிக் கொடுங்கள். குறுகிய லீவைத் தானே அனுமதிப்பது முதலாவது. ஆள் குறையும் ஷிஃப்டில் வேறு வார்டிலிருந்து நர்ஸைக் கேட்டுப் பெறுவது அடுத்தது. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் நோயாளி வந்தால் ‘இப்போது படுக்கை இல்லை’ என்று சொல்லும் உரிமை மூன்றாவது. மூன்றாவதைக் கொடுக்க நிர்வாகம் தயங்கும். முதல் இரண்டையாவது விடாதீர்கள். இன்சிடென்ட் ரிப்போர்ட்டை அப்ரெய்சலில் சேர்க்க மாட்டோம் என்று சுற்றறிக்கை விடுங்கள். விட்ட பிறகு ஒரே ஒருவருக்கு அதை வைத்து இன்கிரிமென்ட்டைக் குறைத்தாலும் விஷயம் அன்று மாலைக்குள் எல்லா வார்டுக்கும் போய்விடும், அதற்குப் பிறகு எந்தப் பயிற்சியும் எடுபடாது.

அளப்பதற்கு, பயிற்சி தொடங்கும் முன்பே கடந்த ஓராண்டின் ராஜினாமா, மருத்துவ விடுப்பு, டபுள் டியூட்டி எண்ணிக்கையை வார்டு வாரியாக எடுத்து வையுங்கள். முடிந்தால் பாதி வார்டுகளுக்கு முதலிலும் மீதிக்கு ஆறு மாதம் கழித்தும் பயிற்சி கொடுங்கள், ஒப்பிட வசதியாக இருக்கும். நர்ஸ்களிடம் கேள்வித்தாள் கொடுத்தால் பெயர், எம்ப்ளாயி நம்பர் எதுவும் கேட்காதீர்கள், இன்சார்ஜ் கையில் கொடுத்து வசூலிக்கவும் வேண்டாம். அப்புறம், கிரீன்லீஃபின் தேர்வில் கடைசிக் கேள்வி ஒன்று உண்டு: இருப்பவர்களிலேயே வசதி குறைந்தவர்களுக்கு இதனால் என்ன ஆயிற்று? உங்கள் வார்டில் அது ஆயாக்களும் கான்ட்ராக்ட்டில் வரும் ஹவுஸ்கீப்பிங் ஆட்களும்தான். அவர்கள் உங்கள் சம்பளப் பட்டியலில் இருக்க மாட்டார்கள், அதனால் கேள்வித்தாளிலும் இருக்க மாட்டார்கள். அவர்களையும் தனியாக உட்காரவைத்து, நைட் முடிந்து ஆஃப் கிடைக்கிறதா, இன்சார்ஜ் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.